ஒற்றைச் செருப்பு வந்த ஞாயிறு

வேலங்குட்டைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பஸ் வந்ததில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதே என்பதில்தான் ஆச்சரியம். அதிலிருந்து இறங்கியவர்களெல்லாம் ஏற்கெனவே ஊரில் இருக்கிற பிள்ளைகள்தான், அதே பிள்ளைகள் மூன்று வருஷம் மூத்துப்போய், கழுத்தில் காலேஜ் அட்டையும் தோளில் பையுமாக வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்தபோதுகூட, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நீட்டியிருந்த காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வழிவிட்டதோடு சரி.

இதற்குக் காரணம் என்று யாரையாவது பிடித்து வைக்க வேண்டுமென்றால் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் தேவநேசனைத்தான் பிடிக்க வேண்டும். வேலங்குட்டை செருப்பு ஊர். ஆற்றங்கரை நெடுக ஷூ கம்பெனிகள், ஊரில் பாதிப் பேர் மேல்பாகம் தைக்கிறவர்கள், மீதிப் பேர் அடிப்பாகம் ஒட்டுகிறவர்கள், பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுவாரமே கம்பெனி வேன் தெருத்தெருவாக வந்து பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். இந்த வேனைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துபோன மனுஷன், இந்த ஊரிலிருந்து காலேஜுக்குப் போன அண்ணன்மார் அக்காமாரெல்லாம் ஞாயிறுதோறும் வந்து, என்ன படிப்பு, எந்தக் காலேஜ், விண்ணப்பம் எப்படிப் போடுவது, கலந்தாய்வில் யாரிடம் என்ன கேட்பது என்று பிள்ளைகளுக்குத் தன்னார்வத் தொண்டாகச் சொல்லித்தர வேண்டும், டீயும் பன்னும் உண்டு என்று போர்டு எழுதி வாசலில் மாட்டினார். போனவர்கள் மொத்தமே விரல்விட்டு எண்ணுகிற அளவு. அதில் ஒருத்தருக்குக் குழந்தையின் பிறந்தநாள், ஒருத்தருக்குப் பெங்களூரில் வேலை, இன்னொருத்தர் போனையே எடுக்கவில்லை. "யாரையாவது அனுப்பும் ஆண்டவரே" என்று தேவநேசன் சனிக்கிழமை முழங்கால் போட்டுக் கேட்டார். யாரை என்று விவரமாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

வந்தவர்களை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள்? விருந்தாளி வந்தால் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது, கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு. விமல்ராஜின் அம்மா, பஸ்ஸை விட்டு இறங்கிய மூத்த விமல்ராஜைப் பார்த்து, "இன்னாடா இப்பிடி எளச்சிப் போயிட்ட, ஆஸ்டல்ல சோறே போடறதில்லியா?" என்று கன்னத்தைத் தடவிவிட்டு, பக்கத்தில் தேமே என்று நின்ற இளைய விமல்ராஜின் முதுகில் ஒன்று வைத்து, "அங்க போயி ஒழுங்கா சாப்புட மாட்டியாடா நீ?" என்றாள். ரேஷன் கடைக்காரர் ஒரே பேருக்கு இரண்டு தரம் சர்க்கரை போட முடியாது என்று கறாராகச் சொன்னார். அம்மன் கோயில் பூசாரி பேரும் நட்சத்திரமும் ஒன்றுதானே என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அர்ச்சனையில் முடித்துக்கொண்டார். கல்யாணத் தரகரோ, சின்னப் பெண்கள் பின்னால் எப்படி இருப்பார்கள் என்று இனிமேல் யூகிக்க வேண்டியதில்லை பாருங்கள் என்று மூத்த பெண்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பாக்களுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"வேல கெடச்சிருச்சா?"

"கடைசி வருஷத்துலதான்பா கம்பெனிக்காரங்க வருவாங்க. அடுத்த வருஷம் தெரியும்."

"அப்ப அடுத்த வருஷமே வந்திருக்கலாமே?" என்று சலித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குத் தன்னார்வலர்களை எதிர்கொண்டு அழைக்க பஸ் நிறுத்தத்தில் வகுப்பே நின்றது, அதில் யுவராணியும் நின்றாள். அடிப்பாகம் ஒட்டுகிற ஏகாம்பரத்துக்கும் மேல்பாகம் தைக்கிற பேபிக்கும் ஒரே மகள், வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள், கேள்வி கேட்டே வாத்தியார்களின் தொண்டைத் தண்ணீரை வற்ற வைக்கிறவள். நஸ்ரினின் மூத்தவள் மூக்குக்கண்ணாடியோடு இறங்கினாள், நஸ்ரின் "ஐயோ, எனக்குக் கண்ணாடி வரப்போவுதா" என்று அலறினாள், அப்புறம் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒவ்வொருவராக இறங்க, ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத் தானே கூட்டிக்கொண்டு போக, கடைசியில் யுவராணி மட்டும் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். தனக்கு என்ன ஜடை போட்டிருக்கும், புடவையா சுடிதாரா என்று மனசுக்குள் ஆயிரம் ஓட்டம். யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் பஸ்ஸுக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீழே குனிந்து எதையோ எடுத்தார்.

"இது படிக்கட்டுல கெடந்துச்சு. இங்கதான் எறக்கணும். யாருதும்மா?"

இடது கால் செருப்பு. பழுப்பு வார், தட்டை அடி, ஒற்றை.

யார் யார் காலிலோ போட்டுப் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் சேரவில்லை. யுவராணி காலில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. அவ்வளவுதான், மூத்த பிள்ளைகளை விட்டுவிட்டு ஊரே அந்தச் செருப்பின் மேல் விழுந்தது. மனுஷர்களைப் பற்றி வேலங்குட்டைக்கு அபிப்பிராயம் மாறலாம், செருப்பைப் பற்றி அதற்குத் தெரியாதது கிடையாது. தையல் பிரிவுப் பெண்கள் வாரைத் திருப்பிப் பார்த்து, இது நம்ம ஊர் கைத்தையல் இல்லை என்றார்கள், கட்டிங் பிரிவுக்காரர் தோலை மடக்கிப் பார்த்து, மட்டமான தோல், ரோட்டோரக் கடைச் சரக்கு என்றார், ஏகாம்பரம் தன் மகளின் செருப்பை மூக்கருகே கொண்டுபோய்ப் பசையை மோந்து, கட்டைவிரலால் விளிம்பை நெம்பிப் பார்த்து, சொன்னார்: "ஒட்டு நல்லாத்தான் கீது. இதுவா அறுந்து விழல. காலுலருந்து உருவிக்கினு வந்திருக்குது."

அது போதாதா? ரோட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். லாரியில் அடிபட்டிருக்கிறாள் என்றது ஒரு கட்சி. யாரோடோ ஓடியிருக்கிறாள், ஓடுகிற அவசரத்தில் விழுந்திருக்கிறது என்றது இன்னொரு கட்சி. யாரோ இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று மூன்றாவது கட்சி கிசுகிசுத்தது. மூத்த பிள்ளைகளைக் கேட்டால், அவளைப் பற்றி எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே, நாங்களா எப்பிடிச் சொல்றது என்றார்கள். மூன்று கட்சியும் நாள்முழுக்க மோதிக்கொண்டு, யுவராணியைக் காலேஜுக்கு அனுப்பக் கூடாது என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் சாயங்காலம் ஒற்றுமையாக வீட்டுக்குப் போயின. யாரோ ஒரு புண்ணியவதி, படத்துக்கு மாலை இப்போதே போடலாமா அல்லது அதுவரைக்கும் பொறுக்கலாமா என்றுகூட பேபியிடம் கேட்டுவிட்டாள். பேபி அழுத அழுகையில் கேட்டவள் பயந்து ஓடினாள்.

அன்றிலிருந்து பேபிக்குச் சோறு இறங்கவில்லை. மிஷினில் உட்கார்ந்தாலும் அழுகை, குழாயடியில் நின்றாலும் அழுகை. "ஊருப் புள்ளைங்க எல்லாம் ஆளா வந்துச்சுங்க, நீ மட்டும் செருப்பா வந்த. எனக்குப் பொண்ணு வோணும்டி. செருப்பு வோணாம், செருப்ப நான் தெனம் நூறு ஜோடி பாக்கறேன்" என்றாள். காலேஜுக்குப் போனால் பெண் செத்துப்போவாள், கம்பெனி வேனில் ஏறினால் சாயங்காலம் உயிரோடு வீட்டுக்கு வருவாள், பேபிக்குக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. வேன் மேஸ்திரியிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். நீ செத்துப்போவாய் என்று ஊரே சொல்லும்போது ஒரு பெண் என்னதான் எதிர்த்துப் பேசுவாள், சொல்லுங்கள்? ராத்திரி போர்வைக்குள் யுவராணியும் அழுதாள்.

இருந்தாலும் மூத்த பிள்ளைகள் ஞாயிறுதோறும் வந்துபோன அந்த வகுப்புக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. தேவநேசன் நியாயஸ்தர், வந்தவர்கள் எந்த ரூபத்தில் வந்தாலும் தன்னார்வலர் தன்னார்வலர்தான் என்று சொல்லி, யுவராணிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, அதில் செருப்பை உட்கார வைத்தார். மற்றவர்களுக்குப் போலவே அதற்கும் ஒரு டீ, ஒரு பன். செருப்பின் பங்குப் பன்னையும் யுவராணியே தின்றாள்.

"சிவிலா, கெமிஸ்ட்ரியா?" என்று செருப்பைக் கேட்டாள். பக்கத்துப் பெஞ்சுகளிலோ பதில்கள் கொட்டிக்கொண்டிருந்தன. முதல் வருஷம் கணக்கில் அரியர் விழும், பயந்துடாதே, அப்புறம் எழுதிக்கலாம் என்று மூத்த விமல்ராஜ் இளையவனுக்குத் தைரியம் சொன்னான். எப்படியும் விழப்போவதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று இளையவன் அன்றைக்கே கணக்குப் புத்தகத்தை மூடிப் பரணில் போட்டான். மூத்த நஸ்ரின் இன்ன காலேஜ், இன்ன விடுதி, ஜன்னலோரக் கட்டில் என்று சொல்லச் சொல்ல இளைய நஸ்ரின் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். யுவராணிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"விமலண்ணா," என்றாள். கூடப் படிக்கிற விமலை டேய் என்பாள், மூத்தவனை அண்ணா என்பாள், அந்த மரியாதையில் குழப்பமே கிடையாது. "இவன ஏன் மெக்கானிக்கல் எடுக்கச் சொல்றீங்க?"

"நான் அதான படிக்கிறேன்."

"நீங்க ஏன் எடுத்தீங்க?"

"எனக்கு ஒருத்தர் பஸ்ல வந்து சொன்னாரு."

"அவருக்கு யாரு சொன்னாங்க?"

மூத்த விமல்ராஜ் தலையைச் சாய்த்தான். இளைய விமல்ராஜும் அதே மாதிரி தலையைச் சாய்த்து யோசித்தான். பிறகு மூத்தவன், "டீ ஆறுது பாரு," என்று டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அன்று வகுப்பு முடிந்தும் யுவராணி எழுந்திருக்கவில்லை. பேசாத செருப்பை மடியில் போட்டுக்கொண்டு புரட்டினாள், வாரைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், ஊர் பார்த்ததையெல்லாம் திரும்பப் பார்த்தாள், பிறகு யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தாள். அடிப்பாகத்து வரிகளுக்குள் மண் அப்பியிருந்தது. வேலங்குட்டை ஆட்கள் செருப்பில் மண்ணைப் பார்க்கிற ஜாதியே இல்லை. அவர்கள் கையில் புரள்கிற லட்சம் செருப்பில் ஒன்றுகூட இன்னும் தரையை மிதித்ததில்லை, அடியைத் திருப்பினால் ஒட்டைத்தான் பார்ப்பார்கள், ஓடின தூரத்தைப் பார்க்க மாட்டார்கள். அவள் தலையிலிருந்த ஊசியை உருவி மண்ணை நோண்டி உள்ளங்கையில் கொட்டினாள். செக்கச் செவேலென்று, குங்குமத்தில் சரளை கலந்தாற்போல் இருந்தது. வேலங்குட்டை மண் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் தண்ணீர் ஊறி வெளுத்த மண். இது எந்த ஊர் மண்? தேவநேசனுக்குத் தெரியவில்லை, மூத்த பிள்ளைகள் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கு யாரும் அதைச் சொல்லி வைக்கவும் இல்லை. மண்ணைப் பற்றிப் படிக்க நிலவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறதென்றும், தெற்கே ஒரு அரசுக் கல்லூரியில் அது உண்டென்றும் தேவநேசன் மட்டும் எங்கேயோ கேட்டுச் சொன்னார்.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த பேபியின் முன்னால் அவள் செருப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"யம்மா, ஒரு தரம் இத்தப் பாரு."

"எடுத்துக்கினு போயிடுடி அத்த. எனக்கு அது கண்ணுலயே பட வோணாம்."

"குதிகால் பக்கம் எப்பிடித் தேஞ்சிருக்குது பாரு. நீ தெச்சவதான, சொல்லு, இவ்ளோ தேயணும்னா எத்தினி மாசம் நடக்கணும்?"

பேபி பார்க்க மாட்டேன் என்றாள். ஆனால் தொழில் விடுமா, கண் தானாகப் போனது. ஈரக் கையால் குதிகாலைத் தடவினாள். "வருஷம் ஆவும்," என்றாள்.

"அந்த ஒரு வருஷமும் நான் உசுரோட நடந்திருக்கேன்ல? நல்லா, வேகமா, எங்கியோ செகப்பு மண்ணுல நடந்திருக்கேன். செத்தவ செருப்பு இப்பிடித் தேயுமா?"

பேபி மகள் முகத்தைப் பார்க்காமல், "அதுக்கப்புறம்?" என்று கேட்டாள்.

"அதுக்கப்புறம் தெரியாதும்மா. கம்பெனி வேன்ல போறவளுக்கு மட்டும் தெரியுமா?"

அரிசித் தண்ணீர் வழிந்து ஓடியது. பரீட்சை முடிந்த மறுவாரம் விடியக்காலை தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தபோது, பேபி தன் டிபன் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தாள். மேஸ்திரி "பொண்ணு எங்க?" என்றதற்கு, "தூங்குது," என்றாள். யுவராணி போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள்; வேன் திரும்பிப் போகிற சத்தம் கேட்டபிறகுதான் மூச்சை விட்டாள்.

அப்புறம் என்ன, பிள்ளைகள் அவரவருக்குச் சொன்னபடி அவரவர் காலேஜுக்குப் போனார்கள். விமல்ராஜுக்குக் கணக்கில் அரியர் விழுந்தது, அவன் பயப்படவில்லை. நஸ்ரினுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது, கண்ணாடியும் வந்தது. வேலங்குட்டைக்கு வருஷாவருஷம் தை பிறந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் வர ஆரம்பித்தது. இரண்டாவது வருஷமே ஊர்க்காரர்கள் அது தாமதமாக வருகிறது என்று மனுப் போட்டார்கள். யுவராணி தெற்கே போய் நிலவியலில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே வாசலில் குனிந்து மண்ணைப் பார்த்தாள். கரிசல். அட கஷ்டகாலமே என்று நெற்றியில் தட்டிக்கொண்டு, வந்தது வந்தோம் என்று படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குப் பிடித்துப்போனது.

இரண்டாம் வருஷம் கடைத்தெருவில், பிளாட்பாரத்தில் குவித்துப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் அந்தப் பழுப்பு வார் கிடந்தது. பார்த்ததும் திக்கென்றது. வாங்கவே மாட்டேன் என்று நாலு கடை தள்ளிப் போனாள். பிறகு, செருப்புக்குப் பயந்துகொண்டு வெறுங்காலோடா நடப்பது என்று திரும்பி வந்து, பேரம் பேசி வாங்கினாள். மூன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, களப்பயணம் என்று பேராசிரியர் எல்லாரையும் ஒரு மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே செக்கச் செவேலென்று கிடந்தது தரை. யுவராணி செருப்பைக் கழற்றி அடியைப் பார்த்துவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"இந்த மண்ணு மூணு வருஷத்துக்கு முன்னாடியே எங்க ஊருக்கு வந்திருக்குது சார்."

"அவ்வளவு தூரமா? எந்த ஆறு வழியா?"

"பஸ் வழியா சார்."

பேராசிரியர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு காலை விடுதி வாசலில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அதே கண்டக்டர், ஒரு முடிகூட நரைக்கவில்லை. யுவராணி தலைக்குக் குளித்துத் தயாராகத்தான் இருந்தாள். போக வேண்டும் என்றுதான் இருந்தாள். மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுத அம்மாவின் முகம் மூன்று வருஷமாக அவளை விட்டுப் போகவில்லை. போய் இறங்கி, "யம்மா, நான் நல்லாத்தான் கீறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இரண்டு மாத அழுகை அப்படியே இல்லாமல் போகும். இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

உள்ளே எல்லாரும் இருந்தார்கள். எல்லாருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. பரீட்சைக்கு முன்னால் ஒப்பிக்கிறாற்போல், தாங்கள் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறு யுவராணி, சீக்கிரம்," என்றான் விமல்ராஜ். "அந்தப் பன்ன நெனச்சா இப்பவே பசிக்குது."

"அவன்கிட்ட இன்னாடா சொல்லப்போற?"

"மெக்கானிக்கல்தான்."

"புடிச்சிருக்குதா ஒனக்கு?"

விமல்ராஜ் தலையைச் சாய்த்து யோசித்தான். அந்தச் சாய்ப்பை அவள் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். "புடிக்கறது இருக்கட்டும். அவரு அப்பிடித்தான சொன்னாரு? நானா மாத்திச் சொல்ல முடியுமா?" என்றான்.

யுவராணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அந்தப் பெண் கண்ணில் தெரிந்தாள். இவள் போய் இறங்கினால் அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள், என்ன படிக்கிறே, எங்கே படிக்கிறே என்று கேட்பாள், இவள் சொல்வாள், அவள் தலையாட்டுவாள். ஊசியை உருவி மண்ணை நோண்ட அவளுக்கு வேலை இருக்காது. அதே நிறுத்தத்துக்குப் பின்னால் அம்மாவும் நின்றாள். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் நின்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏறும்மா, இல்லன்னா எறங்கு," என்றார் கண்டக்டர். "அங்க நேரத்துக்குப் போகலன்னா மனுப் போடறாங்க."

அவள் காலை மட்டும் உருவிக்கொண்டாள். செருப்பு படியிலேயே நின்றது. அடியிலிருந்த மண்ணைத் தட்டிவிடலாமா என்று கையை நீட்டியவள், தட்டவில்லை.

"செருப்பு?"

"அது வரட்டும்ண்ணே. அங்க எறக்கி விட்டுருங்க."

பஸ் போய்விட்டது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக அவள் நொண்டி நொண்டி அறைக்கு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது.

"இன்னிக்கு அந்த ஞாயித்துக்கெழமதான?" என்றாள் பேபி. "பஸ் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"போவலியா?"

"போவல."

"ரெண்டு மாசம் சோறு எறங்கலடி எனக்கு," என்றாள் பேபி. "ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போயிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

"வந்திருந்தா அவ என்னியே பாத்துக்கினு இருந்திருப்பாம்மா. மண்ணப் பாத்திருக்க மாட்டா."

பேபி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் சிந்தினாள். பிறகு, "இப்ப காலுக்கு இன்னா பண்ணுவ? வெறுங்காலா?" என்றாள்.

"வலது கால் செருப்பு இங்க கீது. அன்னிக்கு வந்த இடது கால் செருப்பு பொட்டியில கீது. ஜோடி சேந்துபோச்சு."

"அடிப்பாவி, அது மூணு வருஷம் பொட்டியில கெடந்த தோலுடி, வெறச்சிப் போயிருக்கும், கால கடிக்கும். தேங்காண்ண தடவி, கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சிட்டுப் போடு. கேக்குதா? சும்மா மாட்டிக்கினு ஓடாத."

யுவராணி பெட்டியைத் திறந்து பழைய செருப்பை எடுத்தாள். எண்ணெய் தடவினாள், ஜன்னல் வெயிலில் வைத்தாள், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கறிக்குழம்பு. அவள் இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு போனபோது கறி தீர்ந்து குழம்புதான் மிச்சம் இருந்தது. இடது கால் கொஞ்சம் கடித்தது.